மலைக்குளிரில் குரல்வளையைப் பேணுவது எப்படி

மார்கழி பிறந்துவிட்டால் உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் கம்மிய குரல்கள் பெருகிவிடும். விடியற்காலைப் பஜனையில் பாடுபவர்கள், இருமுடி கட்டும் இடத்தில் சரண கோஷம் எழுப்புபவர்கள், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உறவினரை அழைத்துப் பேசிக் களைத்தவர்கள், கதவும் சன்னலும் சரியாக மூடாத வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எனப் பலரும் சுக்கு, மிளகு, தேன், அதிமதுரம் என்று தேடத் தொடங்குவார்கள். அவர்களுக்காக எழுதப்பட்ட இவ்வழிகாட்டியின் அடிப்படைச் செய்தி ஒன்றே: நாம் விழுங்கும் எந்தப் பொருளும் குரல்நாண்களைத் தொடுவதில்லை, அவற்றைத் தொடுவது நாம் உள்ளிழுக்கும் காற்றுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், எதைச் செய்ய வேண்டும், எதற்காகச் செலவழிக்க வேண்டாம் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

குரல்வளையை விரலால் கண்டறிதல்

கழுத்தின் முன்புறத்தில், தாடைக்குக் கீழே நடுவிரலை மெல்ல வைத்து, எச்சிலை ஒருமுறை விழுங்குங்கள். விரலுக்கு அடியில் கடினமான ஏதோ ஒன்று மேலே ஏறி மீண்டும் இறங்குவதை உணர்வீர்கள், அதுவே குரல்வளை. ஆண்களுக்கு அது முன்தள்ளித் தெரிவதற்கும் பெண்களுக்கு அவ்வளவாகத் தெரியாததற்கும் காரணம், அதன் முன்சுவராக அமைந்த கேடயக் குருத்தெலும்பின் இரு தகடுகளும் ஆண்களிடம் கூர்மையான கோணத்திலும் பெண்களிடம் விரிந்த கோணத்திலும் சேர்வதுதான். இனி விரலை எடுக்காமல் ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள், அதிர்வு தெரியும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள், அதிர்வு நின்றுவிடும். முதல் ஒலியில் குரல்நாண்கள் சேர்ந்து துடிக்கின்றன, இரண்டாவதில் அவை விலகி நின்று காற்றுக்கு வழிவிடுகின்றன. இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமல் மேற்கொண்டு படிக்க வேண்டாம் என்றே சொல்வேன், ஏனெனில் பின்னால் வரும் பயிற்சிகள் எல்லாம் இந்த அதிர்வை உணர்ந்து செய்யப்பட வேண்டியவை.

குரல்வளை என்ற சொல்லை நம்மில் பலர் மருத்துவத்தைவிடச் செய்தித்தாளில்தான் அதிகம் காண்கிறோம்; சிறுத்தை ஆட்டின் குரல்வளையைக் கவ்வியது என்று மலைப்பகுதிச் செய்திகளில் அடிக்கடி வரும். ஊர்ப் பேச்சில் அதைச் சங்கு என்றும், பொதுவாகத் தொண்டை என்றும் சொல்லிவிடுகிறோம். ஆனால் தொண்டை என்பது மூக்கும் வாயும் சேருமிடத்தில் தொடங்கிக் கீழிறங்கும் பொதுவழி. உணவும் காற்றும் அதில் சேர்ந்தே செல்கின்றன. அதன் அடியில் வழி இரண்டாகப் பிரிகிறது. பின்னால் இருப்பது உணவுக்குழல். முன்னால் இருப்பது குரல்வளையும் அதன் தொடர்ச்சியான மூச்சுக்குழலும். இந்தப் பிரிவு எங்கே நிகழ்கிறது என்பதை அறிந்தவர், மருத்துவரிடம் தம் குறையைச் சரியாகச் சொல்லவும் அறிந்தவராகிறார்.

குரல்வளையின் முதன்மைப் பணி பேச்சு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நுரையீரலின் காவலாளி. விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலேறி, அதன் மூடி சாய்ந்து, உள்ளே குரல்நாண்களும் இறுகச் சேர்ந்து காற்றுவழியை அடைத்துவிடுகின்றன. உணவும் நீரும் பக்கவாட்டில் வழிந்து பின்னாலுள்ள உணவுக்குழலுக்குப் போய்விடுகின்றன. ஒரு சொட்டுத் தேநீர் தவறி உள்ளே போனால் புரையேறிக் கண்ணில் நீர் வரும்வரை இருமுகிறோம். ஆகவே, தேனோ மிளகுக் கஷாயமோ குரல்நாண்களின் மேல் படிந்து அவற்றைக் குணப்படுத்துகிறது என்று யாரேனும் சொன்னால், அப்படிப் படிந்திருந்தால் அவருக்குப் புரையேறியிருக்க வேண்டும் என்பதே போதுமான மறுப்பு. குளிர்ந்த நீர் குடித்ததால் குரல்நாண் கெட்டுவிட்டது என்ற பழிக்கும் இதே மறுப்பு பொருந்தும்.

குரல்நாண்கள் எனப்படுபவை கம்பிகளோ நரம்புகளோ அல்ல. முன்பின்னாகக் கிடக்கும் இரண்டு தசை மடிப்புகள், மேலே மிக மென்மையான, ஈரமான சவ்வு போர்த்தியவை. வளர்ந்த ஆண்களிடம் அவை ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளமும், பெண்களிடம் ஏறத்தாழ 12 முதல் 17 மில்லிமீட்டர் நீளமும் உடையவை. உதடுகளைச் சேர்த்து ‘பிர்ர்’ என்று ஊதும்போது உதடுகள் எப்படித் துடிக்கின்றனவோ, அப்படியே நுரையீரலிலிருந்து வரும் காற்றால் இம்மடிப்புகள் துடிக்கின்றன. சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்குச் சற்று மேலும், பெண்களுக்கு இருநூறு முறை அளவிலும் அவை ஒன்றோடொன்று மோதி விலகும். ஒரு பாடவேளையில் ஆசிரியை ஒருவர் உண்மையில் குரல் எழுப்பும் நேரம் பத்தே நிமிடம் என்று குறைத்து மதிப்பிட்டாலும், அந்த மடிப்புகள் 1,20,000 முறை மோதியிருக்கும். இத்தனை மோதலையும் புண்ணாகாமல் தாங்கவைப்பது அந்தச் சவ்வின் மேலுள்ள ஈரப்படலம். அந்த ஈரத்தைத்தான் மலைக்குளிர் பறிக்கிறது.

பனிக்காற்று உலர்ந்த காற்றே

மூடுபனியில் நடந்து போகும்போது முடியும் மப்ளரும் நனைந்துவிடுகின்றன. அப்படியிருக்க அந்தக் காற்றை உலர்ந்தது என்று சொல்வது முரணாகத் தோன்றலாம். கணக்கைப் பார்த்தால் முரண் தீரும். 0 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று எவ்வளவு நிறைந்திருந்தாலும் 5 கிராமுக்கும் குறைவான நீராவியைத்தான் தாங்கும். நம் உடல் வெப்பமான 37 டிகிரியில் அதே அளவு காற்று 44 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். தலைகுந்தாவில் உறைபனி விழும் காலையில் நாம் இழுக்கும் காற்று, நுரையீரலைச் சேர்வதற்குள் அந்த 39 கிராம் வேறுபாட்டை நம் மூக்கு, தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் சவ்விலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மூடுபனியின் நீர்த்துளிகள் இதில் சேர்ப்பது பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரே இரண்டரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் காற்றை உள்ளிழுத்துவிடுவார். மேட்டில் ஏறுபவர் இதற்குப் பல மடங்கு இழுப்பார். வெளிவிடும் மூச்சிலுள்ள ஈரத்தில் ஒரு பகுதியை மூக்கு திரும்பப் பிடித்துக்கொள்வதால்தான் நிலைமை சமாளிக்கத்தக்கதாக இருக்கிறது.

ஆகவே முதல் விதி, மூக்கால் மூச்சு விடுதல். மூக்கின் உள்வளைவுகள் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தருகின்றன. வாய்வழி மூச்சு இந்த வேலையின் பெரும்பங்கைத் தொண்டையின் தலையிலும் குரல்வளையின் தலையிலும் சுமத்திவிடுகிறது. படிக்கட்டும் சரிவுமாக இருக்கும் நம் ஊர்களில் மேட்டில் ஏறிக்கொண்டே பேசுவது எல்லோருக்கும் உள்ள வழக்கம். மூச்சிரைக்க ஏறும்போது வாயால்தான் காற்று போகும். அப்போது பேச்சும் சேர்ந்தால் உலர்ந்த மடிப்புகளை மோதவிட்டவர்களாகிறோம். ஏறி முடித்து, மூச்சு சமநிலைக்கு வந்தபின் பேசலாம். விடியற்காலையில் வெளியே செல்பவர்கள் மப்ளரைக் காதுக்கும் கழுத்துக்கும் மட்டும் சுற்றாமல், மூக்கையும் வாயையும் தளர்வாக மூடும்படி ஒரு சுற்று சுற்றிக்கொள்ள வேண்டும். வெளிவிடும் மூச்சின் வெதுவெதுப்பும் ஈரமும் துணியில் தங்கி அடுத்த மூச்சோடு உள்ளே திரும்பும். கழுத்தைச் சுற்றி எத்தனை கம்பளி கட்டினாலும் அது உள்ளே போகும் காற்றைச் சூடாக்காது.

ஆவி பிடித்தல், தைலம், கஷாயம்

குரல்நாண்களை நேரே சென்று அடையும் வீட்டு மருத்துவம் ஒன்று உண்டென்றால் அது நீராவி மட்டுமே. அதற்கு மருந்து எதுவும் சேர்க்கத் தேவையில்லை. ஆழமான பாத்திரத்தில் கொதித்த நீரை ஊற்றி, அதை ஆடாத மேசையின் மேல் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, முகத்தை ஒரு முழ தூரத்தில் வைத்துக்கொண்டு ஐந்து முதல் பத்து நிமிடம் வரை இயல்பாக மூச்சு விட வேண்டும். இதில் மட்டும் வாயால் இழுத்து மூக்கால் விடலாம், ஏனெனில் ஈரக்காற்று மூக்கில் நின்றுவிடாமல் கீழே இறங்குவதே நம் நோக்கம். உதகையின் உயரத்தில் நீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் சுடாது என்று எண்ணிவிடக் கூடாது, தோலை வேகவைக்க அதுவே தாராளம். மடியில் பாத்திரத்தை வைத்துப் போர்வையால் மூடிக்கொள்வது ஆபத்தான பழக்கம். சிறு குழந்தைகளுக்கு இம்முறையே வேண்டாம். கதவு மூடிய குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த ஈரக்காற்றில் குழந்தையை மடியில் வைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பது போதும்.

நீலகிரித் தைலத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கி ஊரெங்கும் விற்பது. சுற்றுலா வருபவர்கள் வாங்காமல் திரும்புவதில்லை. யூகலிப்டஸ் இலையிலிருந்து வடிக்கப்படும் இத்தைலத்தின் நெடி, மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் மூக்கு திறந்துகொண்டதுபோன்ற உணர்வு எழுகிறது. சளி பிடித்தவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீங்கிச் சிவந்திருக்கும் குரல்நாண்களுக்கு அந்தக் காரமான ஆவி எரிச்சலைக் கூட்டக்கூடும். ஆகவே மூக்கடைப்புக்குத் தைலம், குரல் கம்மலுக்கு வெறும் ஆவி என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. தைலத்தை ஒருபோதும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். கைக்குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் தடவுவதும் தவறு. புட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

சுக்கு, மிளகு, துளசி, சித்தரத்தை ஆகியவற்றின் கஷாயங்களை நான் பழிக்கவில்லை. அவை தொண்டையின் கரகரப்பைத் தணிக்கின்றன, இருமலைக் குறைக்கின்றன. இருமல் குறைந்தால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று அறைந்துகொள்வதும் குறைகிறது. கிடைக்கும் நன்மை அந்த வழியில் வருவது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு அதற்குக் குரலைத் திறக்கும் ஆற்றலும் உண்டென்று சொல்லி விற்பவர்களைக் காண முடிகிறது. அக்குறியீடு விளையும் இடத்துக்கும் தன்மைக்கும் தரப்பட்டதே தவிர, மருத்துவச் சான்று அன்று. அதிமதுரத்தை நாள்தோறும் வாயில் அடக்கிக்கொள்ளும் பாடகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அளவு மிஞ்சினால் அது இரத்த அழுத்தத்தை உயர்த்தி, உடலிலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

தண்ணீர் குரல்நாண்களை நேரே நனைப்பதில்லை என்றாலும், குடித்த நீர் குருதியில் கலந்து, சவ்வின் சுரப்பிகள் வழியாக அந்த ஈரப்படலமாக வெளிப்படுகிறது. அதற்குச் சில மணி நேரம் ஆகும். காலையில் கச்சேரியோ பட்டிமன்றமோ இருந்தால், மேடையில் வைத்த புட்டி நீரைவிட முந்தின நாள் குடித்த நீரே துணைசெய்யும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் மலைவாழ் மக்கள் நீர் குறைவாகவே குடிக்கிறார்கள். சிறுநீர் வெளிர் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே எளிய அளவுகோல். தேயிலை விளையும் ஊரில் தேநீரை விடச் சொல்லும் துணிவு எனக்கில்லை, தேவையும் இல்லை. நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை தேநீர் உடலை உலர்த்திவிடாது.

குரலைச் செலவிடும் முறை

காற்றுக்கு அடுத்தபடியாகக் குரல்நாண்களைக் கெடுப்பது நாம் பேசும் விதம். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறோம். வேண்டுமென்று அடக்கினாலொழிய இது நிற்காது. தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகளுக்கு நடுவிலும், கேரட் கழுவும் இயந்திரத்தின் அருகிலும், இரண்டாம் கியரில் மலையேறும் பேருந்துக்குள்ளும் நாள் முழுவதும் கத்திப் பேசுபவர்களுக்கு மாலையில் குரல் கனத்துப்போவதன் காரணம் இதுவே. இயந்திரத்தின் அருகே வேலை வாங்கும் மேற்பார்வையாளர்கள் சில கைச்சைகைகளை வகுத்துக்கொண்டு, விளக்கமாகச் சொல்ல வேண்டியதை வெளியே அழைத்துச் சொல்ல வேண்டும். தேயிலையைச் சலித்துப் பிரிக்கும் அறையில் தூசும் இரைச்சலும் சேர்ந்தே இருக்கும். அங்கே முகக்கவசம் அணிவது குரல்வளைக்கும் நுரையீரலுக்கும் ஒருசேர நன்மை தரும்.

சுற்றுலா வழிகாட்டிகளுக்குச் சீசன் மாதங்களே சோதனைக் காலம். தொட்டபெட்டா முகட்டில் காற்றை எதிர்த்துக் கத்துவதில் பயனில்லை. காற்று உங்கள் முதுகில் பட்டுக் கேட்பவர்களை நோக்கி வீசும்படி நின்றுகொண்டால் அதே குரல் கூடுதல் தொலைவு செல்லும். மக்களை வரிசையாக நிறுத்தாமல் பிறைவடிவில் அருகே நிறுத்துங்கள். வண்டிக்குள் சொல்ல வேண்டிய கதைகளை வண்டி நின்ற பிறகு சொல்லுங்கள். மலைப்பாதையில் இறங்கும்போது உங்கள் குரல் உங்களுக்கே மந்தமாகக் கேட்டால், அது குரல்வளையின் குற்றமன்று. காற்றழுத்த மாற்றத்தால் காது அடைத்திருக்கிறது. எச்சிலை விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ சரியாகிவிடும். அது தெரியாமல் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை உரக்கப் பேசிக்கொண்டே இறங்குபவர்கள் உண்டு.

ஆசிரியர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியை வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும். மைக் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் குரலைத் தொழிற்கருவியாகக் கொண்டவர்களில் ஆசிரியர்களுக்கே குரல் கோளாறு மிகுதியாக வருகிறது என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. வகுப்பை அமைதிப்படுத்தக் கத்துவதைவிட மேசையைத் தட்டுவது மேல். கரும்பலகையை நோக்கி நின்றுகொண்டு பேசக் கூடாது, ஏனெனில் திரும்பி நின்று பேசும்போது குரலை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்; சுண்ணாம்புத் தூளை ஈரத்துணியால் துடைப்பது நல்லது. ஒரே மூச்சில் நீண்ட வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முயன்று, மூச்சு தீர்ந்த பின்னும் கடைசிச் சொற்களைத் தொண்டையை இறுக்கிப் பிழிந்தெடுப்பது மிகப் பொதுவான பிழை. வாக்கியத்தைப் பிளந்து, நடுவில் மூச்செடுத்துப் பேசிப் பழக வேண்டும்.

கனைப்பைப் பற்றி ஒரு சொல். தொண்டையைக் கனைத்துச் செருமும் ஒவ்வொரு முறையும் குரல்நாண்கள் பலமாக அறைந்துகொள்கின்றன; அதனால் சவ்வு வீங்கி மேலும் சளி சேர்ந்ததுபோல் தோன்ற, மறுபடியும் கனைக்கிறோம். இந்தச் சுழலை அறுக்க, கனைக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு மிடறு நீர் அருந்தவோ, எச்சிலை அழுத்தி விழுங்கவோ, ஒலியில்லாமல் ‘ஹ்’ என்று காற்றை மட்டும் வெளித்தள்ளவோ பழக வேண்டும். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வாகாது. பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளைத் தசைகளை இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள். மெல்லிய இயல்பான குரலில் குறைவாகப் பேசுவதோ, முற்றிலும் பேசாதிருப்பதோ சரியானது.

இப்போது பயிற்சி. ஒரு குவளையில் பாதியளவு நீர் ஊற்றி, இளநீர்க் கடையில் தருவதுபோன்ற உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்து, அதன் நுனி நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி பிடியுங்கள். உதடுகளைக் குழலைச் சுற்றி இறுக்கமின்றி மூடி, ‘ஊ’ என்று குழல் வழியாகக் குரல் கொடுங்கள். நீரில் குமிழ்கள் சீராக எழ வேண்டும். மூக்கு வழியே காற்று கசியக் கூடாது. கழுத்தில் விரல் வைத்தால் அதிர்வு தெரியவேண்டும், ஆனால் தசை புடைத்திருக்கக் கூடாது. முதலில் ஒரே சுருதியில் நான்கைந்து முறை, பிறகு தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே வழுக்கிச் சென்று மீண்டும் இறங்கும்படி சில முறை, கடைசியாகத் தெரிந்த ஒரு பாட்டின் மெட்டை அதே ‘ஊ’வில் மூன்று நிமிடம். குழலின் மறுமுனையில் நீர் கொடுக்கும் எதிரழுத்தம் குரல்நாண்களை மென்மையாகத் தாங்கி, அவை பலமாக மோதாமலே துடிக்க வழிசெய்கிறது. குரல் பயிற்சியாளர்கள் உலகெங்கும் இன்று கற்பிக்கும் முறை இது. வகுப்புக்கோ பஜனைக்கோ முன்னும், நாள் முடிவில் களைப்புத் தீரவும் செய்யலாம். குழல் கைவசம் இல்லாதபோது, முன்பு சொன்னபடி உதடுகளை ‘பிர்ர்’ என்று துடிக்கவிட்டு அதே சுருதிகளில் ஏறி இறங்கினாலும் பெருமளவு பலன் உண்டு.

புகையும் புளிப்பும்

புகையிலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை: குரல்வளைப் புற்றுநோய்க்கு முதற்காரணம் அதுவே, மது சேர்ந்தால் ஆபத்து பெருகும். மலைவீடுகளில் கணப்பு மூட்டுபவர்கள் புகை வெளியேறும் போக்கி அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது குரலுக்கு மட்டுமன்று, உயிருக்கே ஆபத்து. நெடியில்லாத கார்பன் மோனாக்சைடு வாயு தூக்கத்திலேயே உயிரைப் பறித்த நிகழ்வுகளை மலைப்பகுதியினர் அறிவார்கள்.

காலையில் எழுந்ததும் குரல் கரகரத்து, நேரம் ஆக ஆகத் தெளிந்தால், இரவில் இரைப்பையின் அமிலம் எதுக்களித்து மேலே வருகிறதா என்று ஐயுற வேண்டும். உண்டபின் மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் உதவும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுபவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும். குரல் கம்மினால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களுக்குக் குரல் உடைவது நோயன்று.

குரல் கட்டிக்கொண்ட பிறகு

சளிக்காய்ச்சலோடு வரும் குரல் கம்மல் பெரும்பாலும் வைரஸால் வருவது; ஒன்றிரண்டு வாரத்தில் தானே தணியும். அதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை பொதுவாகப் பயன்படாது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது தவறு. குரலுக்கு ஓய்வு, வெறும் ஆவி, போதிய நீர் என்பவையே மருந்து. ஆனால் கத்தும்போதோ பாடும்போதோ இருமும்போதோ குரல் திடீரென்று அறுந்து நின்றுவிட்டால், குரல்நாணுக்குள் இரத்தம் கசிந்திருக்கக்கூடும். அந்த நொடியிலேயே பேச்சை முற்றிலும் நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அன்று மாலைக் கச்சேரியை எப்படியாவது பாடி முடித்துவிடலாம் என்று முயல்பவர் நிலையான வடுவைத் தேடிக்கொள்ளக்கூடும்.

எந்தக் காரணமாயினும் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்வளையை நேரில் பார்த்தே ஆக வேண்டும். புகைபிடிப்பவர், கழுத்தில் கட்டி தெரிபவர், விழுங்க முடியாதவர், சளியில் இரத்தம் காண்பவர், காதில் கோளாறின்றியே ஒரு பக்கக் காது வலிப்பவர் ஆகியோர் மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. குரல்வளைப் புற்றுநோய் குரல்நாணில் தொடங்கும்போது முதல் அறிகுறியே கம்மல்தான். அதனால் அதை மிக முன்னதாகவே கண்டுபிடித்துக் குணப்படுத்த இயல்கிறது. கம்மலை அலட்சியம் செய்பவர் அந்த வாய்ப்பை இழக்கிறார்.

மருத்துவரிடம் ‘தொண்டை சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கையும் டான்சிலையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம். குரல் கம்மியிருக்கிறது, பேசப் பேசக் களைக்கிறது, மேல்சுருதி எட்டவில்லை, விழுங்கினால் வலிக்கிறது என்று எது உண்மையோ அதைப் பிரித்துச் சொல்லுங்கள். கைப்பேசியில் நாள்தோறும் காலையில் ஒரே வாக்கியத்தைப் பேசிப் பதிவுசெய்து வைத்திருந்தால், கம்மல் கூடுகிறதா குறைகிறதா என்பது இருவருக்கும் தெளிவாகும். ‘ஆ’ என்று ஒரே மூச்சில் எத்தனை நொடி இழுக்க முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். நலமான பெரியவர்கள் ஏறத்தாழ 15 நொடியேனும் இழுப்பார்கள். அண்மையில் தைராய்டு, இதயம், மார்பு ஆகியவற்றில் அறுவை நடந்திருந்தால் அதை மறவாமல் சொல்ல வேண்டும். குரல்வளையை இயக்கும் இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறுகிறது. ஆகவே மார்பிலுள்ள நோய்கூடக் குரலில் வெளிப்படலாம்.

பரிசோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. உயிருள்ள மனிதரின் குரல்நாண்கள் அசைவதைத் தெளிவாகக் கண்டு உலகுக்குச் சொன்னவர் மருத்துவரல்லர். மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். 1854இல் அவர் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, கதிரவன் ஒளியை மற்றொரு கண்ணாடியால் அதில் விழச்செய்து, தம் குரல்நாண்களைத் தாமே பார்த்தார். இன்று மூக்கு வழியாக நுழைக்கப்படும் மெல்லிய கேமராக் குழல் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்திருப்பதால், அதன் மரமரப்பு தீரும்வரை எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்பது ஒன்றே கட்டுப்பாடு. குரல்நாணில் முடிச்சு விழுந்திருப்பதாகச் சொன்னாலும் உடனே அறுவை என்று பதற வேண்டாம். பேசும் முறையைத் திருத்தும் பயிற்சியாலேயே பெரும்பாலான முடிச்சுகள் கரைந்துவிடுகின்றன.

மூச்சை இழுக்கும்போது கீச்சென்றோ கரகரவென்றோ ஒலி எழுந்தால், குழந்தை எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டு முன்சாய்ந்து உட்கார்ந்திருந்தால், குரைப்பதுபோன்ற இருமலோடு மூச்சுத் திணறல் கூடினால், இவை குரல்வளை அடைபடுவதன் அறிகுறிகள். ஆவி, கஷாயம் என்று நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள். குழந்தையின் வாய்க்குள் விரலையோ கரண்டியையோ விட்டுப் பார்க்க வேண்டாம். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் இரவில் யானைகள் சாலையில் நிற்பது வழக்கம். மைசூருக்குச் செல்லும் பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படுகிறது. பகலிலேயே மூச்சொலியில் மாற்றம் தெரிந்த குழந்தையை இருட்டும்வரை வீட்டில் வைத்துப் பார்க்காமல், வெளிச்சம் இருக்கும்போதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.